களத்தை மூடுவதா, தொடர்வதா? டொமைன் புதுப்பிக்கும் முன் சொல்லுங்கள்

மண்வெட்டி (நிர்வாகி), கோவை

அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் நம் தோட்டக்கலை உரையாடல் களத்தின் டொமைனும் (இணைய முகவரி) சர்வரும் புதுப்பிக்க வேண்டிய தேதி வருகிறது. வழக்கமாக நானே கட்டிவிடுவேன். இந்த முறை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றிருக்கிறேன். பணம் காரணம் இல்லை. சர்வர் நிறுவனம் பழைய பிஎச்பி (களம் ஓடும் நிரல்மொழி) பதிப்புகளை நீக்கப் போவதாக மடல் அனுப்பியிருக்கிறது. நம்முடையது அரதப் பழசான பிஎச்பி-பிபி என்ற களமென்பொருள். பிஎச்பி 8 வந்துவிட்டால் முதல் பக்கம்கூடத் திறக்காது. தரவுத்தளத்தோடு எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும், அதற்கு நிறைய உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்து செய்தால் புழங்க ஆள் இருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. போன ஆடியில் விதைப்பு பற்றி ஓர் இழை (உரையாடல் தொடர்) தொடங்கினேன், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. புதிதாகப் பதிவு செய்கிறவர்களில் பெரும்பாலோர் சூதாட்ட விளம்பரம் போட வருகிறவர்கள்.

எழுத முடியாமல், படிக்க மட்டும் என்று பூட்டி வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். மாற்று யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

---

புதுநாற்று, திண்டுக்கல்

அண்ணா, பூட்ட வேண்டாம். ஆனால் இப்படியே வைத்திருப்பதிலும் பயன் இல்லை. என் வயதுக்காரர்கள் யாரும் பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் உறுதி எல்லாம் முடித்துவிட்டு வந்து கேள்வி கேட்க மாட்டார்கள். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு குழு திறந்தால் காசு கிடையாது, போனிலிருந்தே படம் போடலாம், பதில் வந்தால் உடனே தெரியும். இல்லையென்றால் நம் வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அங்கே தினமும் நூறு செய்தி வருகிறது.

---

செம்பருத்தி, பாளையங்கோட்டை

நூறில் எண்பது காலை வணக்கம், தம்பி.

மீதி இருபதில் பாதி மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். இதை அந்தக் குழுவில் நான் எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மறுவாரம் இன்னொருவர் கேட்பார், மேலே ஏறித் தேட யாருக்கும் பொறுமை இல்லை. இங்கே எப்போதோ எழுதியது எழுதின இடத்தில் இருக்கிறது.

சரி, பிறகு ஏன் நானே இங்கே எழுதுவதைக் குறைத்தேன் என்று கேட்பீர்கள். ஃபேஸ்புக் வந்ததால் இல்லை. இப்போதெல்லாம் கேட்கிறவர் பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். செடி பிழைத்ததா, செத்ததா, சேதியே இல்லை. முன்பு பத்து நாள் கழித்து வந்து "அக்கா, துளிர் விட்டுடுச்சு" என்றோ, "எண்ணெய் கூடிப்போய் இலை கருகிடுச்சு" என்றோ எழுதுவார்கள். அப்புறம் இன்னொருவர் வந்து, கோடையில் பாதி அளவு போதும் என்பார். எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி வந்ததுதான். அந்த இரண்டாவது பதிவு நின்றுபோன பிறகு எனக்குச் சொல்லவும் சலித்துவிட்டது.

---

ஆடிப்பட்டம், நியூ ஜெர்சி

நோய் எங்கே என்று செம்பருத்தி சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யூஸ்நெட் (வலைத்தளங்களுக்கு முந்தைய கலந்துரையாடல் வலை) காலத்து ஆள். 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் யோசித்துத் தொடங்கிய ஏற்பாடு அது. தோட்டத்துக்கு ரெக்.கார்டன்ஸ் என்றொரு குழு. ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் உள்ளே நுழைந்து கலாட்டா பண்ணுவார்கள். பழையவர்கள் திட்டியும் கெஞ்சியும் நடைமுறை சொல்லிக் கொடுப்பார்கள், ஒன்றிரண்டு மாதத்தில் அடங்கிவிடும். 1993 செப்டம்பரிலிருந்து கதை மாறியது. ஏஓஎல் மாதிரி இணைய இணைப்பு விற்கும் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் வாசலைத் திறந்துவிட்டன. வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், சொல்லிக் கொடுக்கிறவர்கள் களைத்துப்போனார்கள். 'முடியாத செப்டம்பர்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே கூட்டம் குறைந்தால்தான் களம் சாகும் என்று எண்ண வேண்டாம். கூட்டம் பெருத்தாலும் சாகும்.

அந்த மடல்களை டேஜா நியூஸ் என்ற நிறுவனம் சேர்த்து வைத்தது. 2001இல் கூகுள் அதை வாங்கித் தன் குரூப்ஸில் வைத்தது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் வழியாகப் புதிய யூஸ்நெட் மடல் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. பழையது மட்டும் தேடக் கிடைக்கிறது.

யாகூ குழுமங்களின் கதை இன்னும் மோசம். மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று தமிழில் எவ்வளவு பேச்சு அங்கே நடந்தது! 2019 அக்டோபரில் ஓர் அறிவிப்பு. சில மாதங்களில் பழைய மடல்களும் கோப்புகளும் தளத்திலிருந்து போயின. 2020 டிசம்பர் 15இல் குழுமங்களே மூடப்பட்டன. எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில், மூடும் முடிவு எங்கோ ஒரு அலுவலகத்தில்.

தோட்டக்காரர்களுக்கு கார்டன்வெப் தெரிந்திருக்கும். 1995இல் ஒரு தனி மனிதர் தொடங்கியது. ஐவில்லேஜ் வாங்கியது, அதை என்பிசி வாங்கியது, 2015இல் ஹௌஸ் நிறுவனம் வாங்கித் தன் வீட்டு அலங்காரத் தளத்தோடு சேர்த்துவிட்டது. பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு வீட்டுக்குள் எடுத்து, தண்ணீரைக் குறைத்து, இலை முழுவதும் உதிர்ந்தாலும் பிடுங்கிப் போடாமல் பங்குனி வரை காத்திருக்க வேண்டும் என்பதை அங்கேதான் படித்தேன். இப்போது அந்த இழையைத் தேடினால் சோபா விளம்பரத்துக்கு நடுவே கிடக்கும்.

டிஸ்கார்டும் இன்னொருவர் வீடு, தம்பி. அது எனக்குப் போதுமான காரணம்.

---

புதுநாற்று, திண்டுக்கல்

ஐயா, நம் களமும் இன்னொருவர் வீடுதானே? மண்வெட்டி அண்ணன் பெயரில் டொமைன், மண்வெட்டி அண்ணன் கார்டில் சர்வர், மண்வெட்டி அண்ணனிடம் கடவுச்சொல். அவர் நல்லவர் என்பதால் ஓடுகிறது. யாகூ பெரிய கம்பெனி, இது சின்னக் கம்பெனி, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

மண்வெட்டி (நிர்வாகி), கோவை

😀 கம்பெனி முதலாளி ஆக்கியதற்கு நன்றி.

புதுநாற்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் கொஞ்ச காலம் படுத்துவிட்டேன் என்றால் இங்கே யாராலும் எதுவும் செய்ய முடியாது. காம் டொமைன் காலாவதியானால் முதலில் சில வாரம் சாதாரண விலையில் புதுப்பிக்கலாம், அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதத் தொகை அதிகம். அதுவும் போனால் யாரும் வாங்கிக்கொள்ளலாம். நல்ல பெயரில் பழைய தளம் என்றால் சூதாட்டக்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

---

கள்ளிப்பழம், விருதுநகர்

எத்தனையோ நாள் கழித்து உள்ளே வருகிறேன். கடவுச்சொல் நினைவிருந்ததே ஆச்சரியம்.

ஒரு கசப்பான விஷயம் சொல்லட்டுமா? ஹௌஸும் யாகூவும் நம் களத்துக்கு வரவே இல்லை. நம்மை நாமே காலி செய்துகொண்டோம். யூரியா என்று ஒரு வார்த்தை எழுதினால் பத்துப் பேர் பாய்ந்து வந்தீர்கள். பஞ்சகவ்யா, மீன் அமிலம் தவிர வேறு எதையும் சொன்னால் 'கம்பெனி ஏஜெண்டு'. உளுந்து பூக்கும்போது 2 சதவீத டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் தெளிக்கலாம் என்று எழுதினேன். அந்த இழை எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு என்னோடு போனவர்கள் நிறையப் பேர். எல்லோரும் இப்போது யூடியூப்பில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

போகட்டும் விடுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று என்ன கட்டாயம்?

---

செம்பருத்தி, பாளையங்கோட்டை

கள்ளிப்பழம் அண்ணன், வந்ததில் மகிழ்ச்சி. டிஏபி தெளிப்பு வேளாண் பல்கலைக்கழகமே பயறு வகைக்குச் சொல்லும் முறைதான். நான் இயற்கை முறைக்காரி, அதைச் செய்ய மாட்டேன், அது வேறு. சொன்னவரை விரட்டியது அநியாயம். ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் மிஞ்சினால் பேச என்ன இருக்கும்? எல்லோரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கொஞ்ச நாளில் அதுவும் அலுத்துவிட்டது, பார்த்தீர்களா.

---

கீற்றுக்கொட்டகை, பெங்களூரு

தொழில்நுட்பப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மண்வெட்டி கொடுத்த பழைய நகலைத் திறந்து பார்த்தேன். நிலவரம்:

களம் தொடங்கிய காலத்தில் இந்த மென்பொருளுக்கு யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) சரியாகத் தெரியாது. பக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையில் என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், நாம் தட்டிய ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் உலாவி ஓர் எண்ணாக மாற்றி அனுப்பியிருக்கிறது. 'த' என்பது தரவுத்தளத்தில் 2980 என்று கிடக்கிறது. திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. பழைய இழைகளைத் தேடல் பெட்டி கண்டுபிடிப்பதில்லை என்று எல்லோரும் புலம்புவீர்களே, காரணம் இதுதான். ஒரு சின்ன நிரல் எழுதி எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அதன் பிறகும் 'மாவுப்பூச்சி' என்று தேடினால் 'மாவுப்பூச்சிக்கு' கிடைக்காத சிக்கல் இருக்கிறது. அதற்கு வேற்றுமை உருபை வெட்டித் தேடும் ஏற்பாடு வேண்டும், பிறகு பார்க்கலாம்.

படங்கள்தான் பெரிய இழப்பு. அந்தக் காலத்தில் களத்திலேயே படம் ஏற்ற இடம் தரவில்லை, எல்லோரும் வெளியே இலவசத் தளங்களில் ஏற்றி இணைப்பு கொடுத்தோம். 2017இல் அவற்றில் ஒன்றான ஃபோட்டோபக்கெட் இப்படி வெளித்தளங்களில் படம் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399 டாலர் என்று சொன்னபோது உலகம் முழுக்கக் களங்களில் படங்கள் ஒரே நாளில் மறைந்தன. 'இலையில் இப்படிப் புள்ளி இருக்கிறது, பாருங்கள்' என்று எழுதிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம். பதில் இருக்கிறது, எந்தப் புள்ளிக்கு என்று தெரியாது.

படிக்க மட்டும் என்று பூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றால் எல்லாப் பக்கத்தையும் வெறும் எச்டிஎம்எல்லாகப் பிரித்து எடுத்துவிட வேண்டும். பிஎச்பி வேண்டாம், தரவுத்தளம் வேண்டாம், எந்தச் சர்வரிலும் கிடக்கும். இன்னொரு லாபம், இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) இரவு பகலாக ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ரோபாட்ஸ் கோப்பில் வராதே என்று எழுதி வைத்தாலும் பல கேட்பதில்லை. களம் அடிக்கடி திறக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். எச்டிஎம்எல் பக்கங்கள் என்றால் அந்தச் சுமையைத் தாங்கும்.

ஆனால் பூட்டினால் முடிந்தது என்பதில் செம்பருத்தியின் கருத்துதான் எனக்கும். தோட்ட விஷயம் பூட்டி வைக்கிற விஷயம் இல்லை. பப்பாளி மாவுப்பூச்சி இழையைப் பாருங்கள். 2008இல் கோவையில் அந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த இரண்டு வருடம் இங்கே ஒரே ஒப்பாரி: பப்பாளி போச்சு, மல்பெரி போச்சு, மரவள்ளி போச்சு, வாசல் செம்பருத்தி போச்சு. யார் யார் என்ன அடித்துப் பார்த்தார்கள், எது கேட்கவில்லை, எல்லாம் இருக்கிறது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அதன் பிறகு ஊர் ஊராகப் பூச்சி குறைந்ததை உறுப்பினர்கள் எழுதியிருக்கிறார்கள். 2010இலேயே பூட்டியிருந்தால் 'இதற்கு மருந்தே இல்லை' என்பதோடு அந்த இழை நின்றிருக்கும், இன்றைக்கும் யாராவது அதைப் படித்துவிட்டு மரத்தை வெட்டியிருப்பார்கள்.

---

வடமராட்சி, லண்டன்

வணக்கம். இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

பிரித்தானியாவில் 2023இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டவிரோத உள்ளடக்கம் பற்றிய கடமைகள் 2025 மார்ச் 17 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆட்கள் பதிவு எழுதும் எந்தத் தளமும், சின்னது பெரியது பாராமல், ஆபத்து மதிப்பீடு எழுதி வைக்க வேண்டும். மீறினால் அபராதம் 1 கோடியே 80 லட்சம் பவுண் வரை, அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம் வரை, எது கூடவோ அது. சைக்கிள் பித்தர்களுக்கு இங்கே எல்எஃப்ஜிஎஸ்எஸ் என்றொரு களம் உண்டு, பழையது, நல்ல களம். தனி ஆளாக அதை நடத்தியவர், இந்தப் பொறுப்பை நான் ஒருவரே சுமக்க ஏலாது என்று 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தார். பிறகு உறுப்பினர்கள் கூடிக் கதைத்து, தாங்களே பொறுப்பெடுத்தார்கள். களம் இன்னும் நடக்கிறது.

நான் கவனித்தது இதுதான்: ஆள் வருகை குறைந்து அது மூடப் போகவில்லை. பாரம் ஒருவர் தலையில் இருந்தது. பாரத்தைப் பிரித்ததும் பிழைத்தது.

நடைமுறையாக ஒன்று: டொமைனை ஒரே தடவையில் பத்து வருடத்துக்குப் பதிந்து வைக்கலாம், அதற்கு மேல் விட மாட்டார்கள். அந்தக் காசை நான் நேரே பதிவு நிறுவனத்துக்கே கட்டிவிடுகிறேன். இந்தியாவுக்குப் பணம் அனுப்புகிற கரைச்சல் இல்லை.

ஒரு யோசனை, கோபிக்காதீர்கள். மெட்டாஃபில்டர் தளத்தில் சேர ஒரு தடவை 5 டாலர் கட்ட வேண்டும். காசுக்காக இல்லை, விளம்பரக்காரர் வராமல் இருக்க. நாமும் சின்னதாக ஒரு கட்டணம் வைக்கலாமோ?

---

செம்பருத்தி, பாளையங்கோட்டை

கட்டணம் வேண்டவே வேண்டாம். மாடியில் தக்காளி வாடிவிட்டது என்று பதறிக்கொண்டு வருகிற பெண் ஐந்து ரூபாய் என்றாலும் திரும்பிப் போய்விடுவாள். காசு பிரச்சினை இல்லை, எதற்கு என்று தோன்றிவிடும். விளம்பரக்காரனைத் தடுக்கப் பதிவின்போது தமிழில் ஒரு கேள்வி கேளுங்கள். 'கறிக்கு வாசனைக்குப் போடும் இலை எது?' எந்த ஊர் பாட் பதில் சொல்லும் என்று பார்ப்போம்.

---

கீற்றுக்கொட்டகை, பெங்களூரு

இப்போதைய பாட்கள் சொல்லிவிடும் அக்கா, சமையல் குறிப்பும் சேர்த்துக் கொடுக்கும். 😀 ஆனாலும் பழைய வகைப் பாட்களை அது நிறுத்தும், செய்யலாம். புதியவரின் முதல் பதிவை மட்டும் மட்டுறுத்துநர் (பதிவுகளைக் கண்காணிப்பவர்) பார்த்து விடுவது அதைவிடப் பயன். யார் பார்ப்பது என்பதுதான்.

---

ஆடிப்பட்டம், நியூ ஜெர்சி

கட்டணம் பற்றி ஒரு சின்னத் திருத்தம். கலிபோர்னியாவில் தி வெல் என்று ஒரு களம், 1985இலிருந்து இருக்கிறது, சந்தா கட்டித்தான் சேர வேண்டும். 1999இல் சலோன் பத்திரிகை வாங்கியது. சலோனுக்கு அது பாரமானபோது, 2012இல் உறுப்பினர்களே பணம் போட்டு 4 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள். சந்தா கட்டிப் பழகியவர்கள் என்பதால் அது நடந்தது. கூட்டம் சின்னதுதான், வெளியில் பேர் சொன்னால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

நமக்குச் சந்தா ஒத்துவராது, செம்பருத்தி சொல்வது சரி. ஆனால் சாவிகளைப் பிரித்து வையுங்கள். விதைநெல்லை ஒரே குதிரில் போட்டு வைக்கிற சம்சாரி உண்டா?

---

புதுநாற்று, திண்டுக்கல்

டிஸ்கார்டை விட்டுவிட்டேன். அதில் பேசுவது கூகுளில் வராது என்று கீற்றுக்கொட்டகை அண்ணன் தனிமடலில் சொன்னார், அது போதும். ரெட்டிட்டும் வேண்டாம். 2023 ஜூனில் அங்கே ஆயிரக்கணக்கான மட்டுறுத்துநர்கள் தங்கள் பகுதிகளைப் பூட்டிப் போராடினார்கள், கடைசியில் கம்பெனி சொன்னதுதான் நடந்தது.

ஆனால் வாட்ஸ்அப் குழுவை விரோதியாகப் பார்க்க வேண்டாம். கேள்வி அங்கேதான் பிறக்கிறது, யாரும் அதை மாற்ற முடியாது. நான் ஒரு வேலை செய்கிறேன். அங்கே நல்ல கேள்வி வந்தால், கேட்டவரிடம் அனுமதி வாங்கி, பெயர் இல்லாமல், படத்தோடு இங்கே இழையாகப் போடுகிறேன். பதிலை இங்கே எழுதுங்கள், இணைப்பை அங்கே கொடுக்கிறேன். பத்து நாள் கழித்து நானே அவரைக் கேட்டு, செடி என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். செம்பருத்தி அக்கா, இது சரியா?

---

செம்பருத்தி, பாளையங்கோட்டை

இது சரி. பத்து நாளில் கேட்டு எழுதினாயானால் வாரத்துக்கு எத்தனை கேள்வி போட்டாலும் நான் பதில் சொல்கிறேன். எழுதாவிட்டால் மூன்றாவது வாரம் நான் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் போடப் போய்விடுவேன்.

---

கள்ளிப்பழம், விருதுநகர்

காய்கறிக்கு உரம் பற்றிய கேள்விகளுக்கு நானும் எழுதுகிறேன். எவ்வளவு போட வேண்டும் என்று எழுதுவேன், போடவே கூடாது என்கிறவர்கள் அடுத்த பதிவில் எழுதுங்கள். ஆளைத் திட்டினால் பதிவு நீக்கப்படும் என்று மண்வெட்டி முதல் பக்கத்தில் போட வேண்டும், இரண்டு தரப்புக்கும்.

ஒன்று கவனித்தீர்களா? விதைப் பரிமாற்ற இழைகளில் ஆட்களின் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் யோசிக்கவில்லை. நகல் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கு முன் அதை மறைத்துவிடுங்கள்.

---

மண்வெட்டி (நிர்வாகி), கோவை

சரி, பூட்டவில்லை. ஒரு வருடம் தொடர்ந்து பார்ப்போம். ஆள் கூடவில்லை என்றால் கவலை இல்லை. கேட்கிற கேள்விக்குப் பதில் வருகிறதா, பதிலுக்குப் பின்கதை வருகிறதா என்று மட்டும் அடுத்த தை மாதம் பார்க்கலாம்.

டொமைன் கணக்கில் வடமராட்சியையும், சர்வரில் கீற்றுக்கொட்டகையையும் சேர்க்கிறேன். மாதம் ஒரு முறை தரவுத்தள நகல் மூன்று பேருக்குப் போகும்: ஒருவர் இந்தியாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் அமெரிக்காவில். நகலைப் பூட்டித்தான் அனுப்புவேன், கடவுச்சொற்களும் மின்னஞ்சல்களும் அதில் இருக்கின்றன. கள்ளிப்பழம் சொன்ன எண்களையும் முகவரிகளையும் பொதுப் பக்கங்களில் இந்த வாரமே மறைத்துவிடுகிறேன். முதல் பதிவுகளைப் பார்த்து விட இரண்டு பேர் வேண்டும். தனிமடல் போடுங்கள்.

---

கீற்றுக்கொட்டகை, பெங்களூரு

சோதனைச் சர்வரில் புதிய பதிப்பு ஏறிவிட்டது. 2980கள் எல்லாம் 'த' ஆகிவிட்டன, தேடல் வேலை செய்கிறது. ஆனால் மிகப் பழைய இழைகளில் ஒரு பகுதி வெறும் கேள்விக்குறிகளாக இருக்கிறது. எப்போதோ சர்வர் மாற்றியபோது நடந்தது போல் தெரிகிறது. தரவுத்தளத்திலேயே கேள்விக்குறிதான் இருக்கிறது, அதிலிருந்து எதுவும் மீட்க முடியாது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினேன், முதல் பக்கங்கள் மட்டும் கிடைத்தன, உள்ளே உள்ள இழைகள் இல்லை. அந்தக் காலத்துப் பக்கங்களை யாராவது கணினியில் சேமித்து வைத்திருந்தால் சொல்லுங்கள். எந்த எழுத்துருவில் இருந்தாலும் சரி.

---

ஆடிப்பட்டம், நியூ ஜெர்சி

என்னிடம் இருக்கிறது. விதைச் சேமிப்பு, மண்கலவை இரண்டு பிரிவையும் முழுதாக இறக்கி சிடியில் எழுதி வைத்தேன். மேலே 'டிஸ்கி எழுத்துரு' (யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீடு) என்று ஒட்டியிருக்கிறேன். படிக்கிற டிரைவ் இப்போது வீட்டில் எந்தக் கணினியிலும் இல்லை, மகனிடம் கேட்டிருக்கிறேன்.

---

கீற்றுக்கொட்டகை, பெங்களூரு

ஐயா, யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் மலிவாகக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். டிஸ்கியை யூனிகோடாக மாற்றுவது என் வேலை. சிடியைத் துடைக்க வேண்டுமென்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.